மிசஸ் ஜெஃப்ரீஸ் சீரிஸ்: இன்ஸ்பெக்டருக்கே தெரியாம கேஸ் முடிக்கிற சமையக்கட்டு டீம்

கொலைக்கதை படிச்சா ராத்திரி தூக்கம் போயிடும்னு சொல்லுவாங்க, எனக்கு ரெண்டு மாசமா கொலைக்கதை படிச்சாத்தான் தூக்கமே வருது. ஆடிட் நேரம், ஆபீஸ்லேர்ந்து வீடு வந்து சேரவே ஒன்பதரை ஆயிடும், படுத்தா கண்ணுக்குள்ள எக்ஸெல் ஷீட்டா ஓடும், அப்பத்தான் கூட வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க "இதப் படிடி, ரத்தம் கித்தம்லாம் கிடையாது, எல்லாரும் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே கொலைகாரனப் புடிச்சிருவாங்க"ன்னு சொல்லி கையில திணிச்சாங்க. எமிலி பிரைட்வெல் எழுதுன மிசஸ் ஜெஃப்ரீஸ் சீரிஸ். எமிலி பிரைட்வெல்ங்கறது புனைப்பேரு, முதல் புக்கு 1993ல வந்துச்சு, இப்ப நாப்பதத் தாண்டி போயிட்டிருக்கு. நான் எட்டு முடிச்சிட்டேன், ஒன்பதாவது ஓடுது. ஒவ்வொரு புக்குலயும் பாதி வந்ததும் கொலைகாரன் யாருன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி ஃபோன் கவருக்குள்ள சொருகி வச்சிட்டு மேல படிக்கறது என் பழக்கம், அந்தக் கணக்க கடைசில சொல்றேன்.

களம் விக்டோரியா ராணி காலத்து லண்டன், 1880கள். ஸ்காட்லாண்ட் யார்டு இன்ஸ்பெக்டர் ஜெரால்ட் விதர்ஸ்பூன், ரொம்ப நல்ல மனுஷன், கொலை கேஸ் பாக்கற ஆளு ஆனா பொணத்தப் பாத்தா வயித்தக் கலக்கும் அவருக்கு. பல வருஷம் ரெக்கார்டு ரூம்ல ஃபைல் பாத்துட்டு இருந்தவரு. யுஃபீமியான்னு ஒரு அத்தை செத்துப்போகும்போது அப்பர் எட்மண்டன் கார்டன்ஸ்ல இருக்கற பெரிய வீட்டையும் சொத்தையும் இவருக்கு எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. சாதாரணமா வளந்த மனுஷன், வேலைக்காரங்கள வச்சு எப்படி வேலை வாங்கறதுன்னே தெரியாது, அதனால அவங்களும் நிம்மதியா இருக்காங்க. இப்படிப்பட்டவரு திடீர்னு ஒவ்வொரு கொலையா கண்டுபுடிச்சு டிபார்ட்மெண்ட்ல பேரு வாங்கறாரு, பொறாமைல நிவன்ஸ்னு இன்னொரு இன்ஸ்பெக்டர் வயிறெரியறான். எப்படி கண்டுபுடிக்கறோம்னு விதர்ஸ்பூனுக்கே சரியாத் தெரியல.

கண்டுபுடிக்கறது அவரு வீட்டு ஹவுஸ்கீப்பர் மிசஸ் ஜெஃப்ரீஸ். ஹவுஸ்கீப்பர்னா நம்ம ஊர் ஹோட்டல்ல பெட்ஷீட் மாத்தறவங்கள நினைச்சுக்காதீங்க, அந்தக் காலத்து பெரிய வீட்டுல சாவிக்கொத்து, மளிகைக் கணக்கு, மத்த வேலைக்காரங்க எல்லாம் இவங்க கைக்குள்ள. 1861ல வந்த மிசஸ் பீட்டன் எழுதுன வீட்டு நிர்வாகப் புத்தகத்துல இவங்களத்தான் வீட்டோட ரெண்டாவது தளபதி மாதிரி வச்சிருப்பாங்க. மிசஸ் ஜெஃப்ரீஸ் யார்க்‌ஷயர்ல போலீஸ் கான்ஸ்டபிளா இருந்தவரோட விதவை, புருஷன் கூட இருந்தே கேஸ் பாத்துப் பழகுனவங்க. (சின்ன தகவல் ஒண்ணு: அந்தக் காலத்துல ஹவுஸ்கீப்பரையும் சமையக்காரியையும் கல்யாணம் ஆகாட்டியும் மரியாதைக்கு மிசஸ்னுதான் கூப்பிடுவாங்க. இது தெரியாம நான் முதல் புக்குல ஒவ்வொரு மிசஸுக்கும் புருஷன் எங்கன்னு தேடிட்டு இருந்தேன்.)

இந்த சீரிஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்ச சீன் ஒண்ணேதான், அது எல்லா புக்குலயும் வரும். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் சோர்ந்து போயி வருவாரு, இந்தம்மா தொப்பியையும் கோட்டையும் வாங்கி மாட்டிட்டு ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயின் ஊத்திக் குடுத்து எதிர்ல உக்காந்துக்குவாங்க. அவ்வளவுதான், மனுஷன் அன்னைக்கு யார் யாரப் பாத்தாரு, எவன் என்ன சொன்னான், எந்தக் கதவு பூட்டி இருந்துச்சு எல்லாத்தையும் கொட்டிருவாரு. இவங்க நடுவுல "அப்படியா சார்", "நீங்க எவ்ளோ கவனமா பாத்திருக்கீங்க சார்"னு ரெண்டு போடுவாங்க. அப்புறம் இவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்த அவருக்குச் சொல்லணும்னா நேரா சொல்ல மாட்டாங்க, முன்னாடி நீங்கதான சார் ஒரு தடவை சொன்னீங்க, ஆளு வீட்டுல இருந்தேன்னு சொன்னா அத இன்னொருத்தர்கிட்ட விசாரிக்காம விடக்கூடாதுன்னு, அப்படீன்னு அவரு சொல்லாத ஒண்ண அவரு தலையிலயே கட்டுவாங்க. அவரும் ஆமால்ல, நான்தான் சொன்னேன்னு நம்பிட்டு காலைல அந்த ஆள விசாரிக்கப் போயிருவாரு. இத முதல்ல படிச்சப்ப வாய்விட்டு சிரிச்சேன், எங்க மேனேஜர்கிட்ட நாங்க பண்றதே இதான்.

காலைல இன்ஸ்பெக்டர் கிளம்பினதும் கீழ சமையக்கட்டுல பெரிய மேசையச் சுத்தி மீட்டிங். வீட்டு வேலை பாக்கற பொண்ணு பெட்ஸி, கோச்சுவண்டி ஓட்டற ஸ்மைத், ஃபுட்மேன், அதாவது எடுபிடி வேலைல இருக்கற பையன் விக்கின்ஸ், சமையக்காரம்மா மிசஸ் குட்ஜ். பெட்ஸி செத்தவங்க வீட்டுப் பக்கத்துக் கடைகளுக்குப் போயி கடைக்காரங்ககிட்ட பேச்சுக் குடுப்பா, விக்கின்ஸ் அந்த வீட்டு வேலைக்காரப் பசங்க வெளிய வர்ற நேரம் பாத்து கூடவே நடந்து ஒரு டீயோ பன்னோ வாங்கிக் குடுத்து கறந்துட்டு வருவான், ஸ்மைத் வண்டிக்காரங்ககிட்டயும் பப்புலயும். இதுல ஸ்மைத்துக்கு ஒரு ரகசியம் இருக்கு, ஆஸ்திரேலியால போயி நல்லா சம்பாதிச்சவன், ஆக்சுவலா செம்ம பணக்காரன், ஆனா சாகப்போற யுஃபீமியாவுக்குக் குடுத்த வாக்குக்காக கோச்சுமேனாவே இருக்கான், வெளிய சொன்னா மத்தவங்க தன்ன வேற மாதிரி பாப்பாங்களோன்னு பயம். அதனால காசு குடுத்து தகவல் வாங்குற ஆளு ஒருத்தன வச்சிருக்கான், மத்தவங்க கால் தேய நடந்து கொண்டு வர்றத இவன் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்து நானும் அலைஞ்சேன்னு மூஞ்சிய வச்சுப்பான். இத ஏமாத்துன்னு நான் சொல்லுவேன், ஆனா புடிக்கும்.

மிசஸ் குட்ஜ் மட்டும் வீட்ட விட்டு வெளியவே போகாது. அடுப்பங்கரைல நின்ன எடத்துலயே துப்பறியும், எனக்கு இந்த சீரிஸோட உண்மையான ஹீரோ இந்தம்மாதான். யோசிச்சுப் பாருங்க, அந்தக் கால லண்டன்ல ஒரு வீட்டு பின்வாசலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேரு வந்துட்டுப் போவாங்க, கரி மூட்டை தூக்கிட்டு வர்றவன், பால்காரன், கசாப்புக்கடைப் பையன், மீன்காரன், பழந்துணி எலும்பு வாங்குறவன், கேஸ் லைட் சரி பண்றவன், எல்லாரும் இதே மாதிரி இன்னும் அம்பது வீட்டுக்குப் போறவங்க. அவங்கள உள்ள கூப்பிட்டு மேசைல உக்கார வச்சு சூடா டீ, ஒரு துண்டு கேக்கு. குளிர்ல மூட்டை தூக்கிட்டு அலையறவனுக்கு உக்கார எடம் குடுத்தாலே பாதி பேசிருவான், கேக்கு வந்தா மீதி. அதோட இந்தம்மா பெரிய பெரிய பிரபு வீட்டுலலாம் சமைச்சவங்க, அந்தக் காலத்து கூட்டாளிங்க அப்பப்ப பாக்க வருவாங்க, அவங்க மூலமா முப்பது வருஷத்துக்கு முந்தி எந்தக் குடும்பத்துல யாரு யாரோட ஓடிப்போனாங்கன்ற வரைக்கும் வந்துரும். கொலைக்குக் காரணம் பழைய கதையா இருந்தா அது எப்பவும் மிசஸ் குட்ஜோட கேக்குத் தட்டு வழியாத்தான் வரும்.

எங்க அபார்ட்மெண்ட்ல நாலு வீட்டுல வேலை பாக்கற அக்காவுக்குத் தெரிஞ்சதுல பாதி அசோசியேஷன் செகரட்டரிக்குத் தெரியாது, அதனால இந்தக் கதைகளோட அடிப்படைய நம்பறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல.

ஆனா இத வெறும் கற்பனைன்னும் ஒதுக்க முடியாது. 1891 சென்சஸ் கணக்குப்படி இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் வீட்டு வேலைல இருந்த பொம்பளைங்க 13 லட்சத்துக்கும் மேல. கொஞ்சம் வசதியான குடும்பம்னா ஒரு வேலைக்காரப் பொண்ணாவது இருந்தே ஆகணும். யாரு ராத்திரி படுக்கைல படுக்கல, எந்த லெட்டர் அடுப்புல எரிஞ்சுச்சு, எந்த சட்டைல கறை, இதெல்லாம் முதல்ல தெரியறது படுக்கை விரிக்கறவளுக்கும் அடுப்புச் சாம்பல் அள்றவளுக்கும் துணி எண்ணிப் போடறவளுக்கும்தான். 1860ல வில்ட்‌ஷயர்ல ரோடுங்கற கிராமத்துல நடந்த நெஜக் கொலை ஒண்ணு இருக்கு, மூணு வயசு தாண்டின குழந்தை, ஸ்காட்லாண்ட் யார்டுலேர்ந்து ஜாக் விச்சர்னு டிடெக்டிவ் போறாரு. அந்த கேஸே வீட்டுப் பொண்ணு கான்ஸ்டன்ஸ் கென்ட்டோட காணாமப்போன ஒரு நைட்டி மேலதான் நின்னுச்சு. வேலைக்காரப் பொண்ணு எண்ணி கூடைல போட்டேங்கறா, துணி துவைக்கறவங்க வந்து சேரலைங்கறாங்க, அந்த ஒரு உருப்படிக் கணக்கப் புடிச்சிக்கிட்டு விச்சர் கான்ஸ்டன்ஸ கைது பண்ணாரு. பெரிய வீட்டுப் பொண்ணு மேல ஒரு சாதாரண போலீஸ்காரன் கை வைக்கறதான்னு ஊரே அவரத் திட்டுச்சு, அவள விட்டுட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 1865ல அவளே வந்து நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டா. அதுக்கு முன்னாடி வரைக்கும் வீட்டு ஆயா மேலயும் நெறைய பேருக்கு சந்தேகம், சொல்லணுமா.

அப்புறம் 1868ல வில்கி காலின்ஸ் எழுதுன ‘தி மூன்ஸ்டோன்’ல வீட்டு நிர்வாகி பெட்டெரெட்ஜ்னு ஒரு கிழவர் வருவாரு, டிடெக்டிவ் பின்னாடியே சுத்தி துப்பறியற காய்ச்சல் வந்து கிடப்பாரு. ஆக மிசஸ் ஜெஃப்ரீஸுக்கு பாட்டன் முப்பாட்டன்லாம் அப்பவே இருக்காங்க. ஆனா நடுவுல என்னாச்சுன்னா கதைகள்ல வேலைக்காரங்க கதவு தொறந்து விடறவங்களாவும் பொணத்தப் பாத்து கத்தறவங்களாவும் ஆயிட்டாங்க. 1928ல வான் டைன்னு அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு இருபது விதி போட்டாரு, அதுல பதினொண்ணாவது, வேலைக்காரன கொலைகாரனா காட்டக்கூடாது, கொலைகாரன் ஒரு பொருட்டா மதிக்கத் தக்க ஆளா இருக்கணுமாம். படிச்சதும் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு, கொலை பண்றதுக்குக் கூட அந்தஸ்து வேணுமாய்யா? நெஜத்துல வேலைக்காரங்க கொலை பண்ணாங்க, 1840ல கூர்வாசியேன்னு ஒரு வேலைக்காரன் லார்டு வில்லியம் ரஸ்ஸலோட கழுத்த அறுத்தான், 1879ல கேட் வெப்ஸ்டர்னு ஒருத்தி ரிச்மண்ட்ல தன் எஜமானியக் கொன்னு தூக்குல தொங்குனா, அந்த எஜமானியோட மண்டையோடு 2010லதான் ஒரு தோட்டத்துல கெடச்சுச்சு. பிரைட்வெல் இந்த வழிக்கும் போகல, வேலைக்காரங்கள புத்தியுள்ள மனுஷங்களா மேசையச் சுத்தி உக்கார வச்சாங்க, அதுக்கு என் முதல் கைத்தட்டு.

சரி, இனி திட்டு.

இந்த வீட்டுல யாருமே வேலை செய்யற மாதிரியே தெரியல. பெட்ஸி பகல் பூரா கடைத்தெருவுல, விக்கின்ஸ் ஊர் சுத்தறான், அப்ப ஜன்னல் யாரு தொடைக்கறா, மூணு மாடிக்கு கரி யாரு தூக்கறா? எஜமான் ஒண்டிக்கட்டை, நல்லவரு, கண்டுக்க மாட்டாருன்னு ஆசிரியை ஒரு சமாதானம் வச்சிருக்காங்க, பாதிக்குத்தான் அது தாங்கும். ஹானா கல்விக்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு நெஜமாவே டைரி எழுதி வச்சிருக்கா, 1860 ஜூலைல ஒரு நாளப் பாத்தா எந்திரிச்சதும் ஜன்னல் கதவு தொறந்து அடுப்பு பத்த வச்சு, கரி புடிச்ச துணிய உதறி, ரூமுங்களும் ஹாலும் கூட்டித் தொடைச்சு, காலை சாப்பாடு மேல கொண்டு போயி, ஷூ ஜோடி ஜோடியா பாலிஷ் போட்டு, அது போயிக்கிட்டே இருக்கும், படிக்கறப்பவே நம்ம முட்டி வலிக்கும். கார்ப்பெட் கூட்டறதுக்கு முன்னாடி தூசி பறக்காம இருக்க போட்ட டீத்தூள ஈரத்தோட தூவி கூட்டுவாங்கன்னு ஒரு பழக்கம் அந்தக் காலத்துல உண்டு, அந்த மாதிரி கைவேலை விவரம் ஒண்ணு ரெண்டு வந்தா கதை எவ்ளோ கனமாயிருக்கும். மிசஸ் பீட்டன் புத்தகத்துல சம்பளப் பட்டியலே இருக்கு, ஹவுஸ்கீப்பருக்கு வருஷத்துக்கு 20லேர்ந்து 45 பவுண்டு, எல்லா வேலையும் ஒண்டியா செய்யற பொண்ணுக்கு 9லேர்ந்து 14 பவுண்டு. வருஷத்துக்குங்க, மாசத்துக்கு இல்ல.

இன்னொண்ணு, பயம். அந்தக் காலத்துல வேற வீட்டுல வேலை கெடைக்கணும்னா பழைய எஜமானி கையால நடத்தைச் சான்று மாதிரி ஒரு லெட்டர் வேணும், அதுக்குப் பேரே கேரக்டர். அது இல்லாம வெளிய தள்ளிட்டா தெருதான், இல்ல அதவிட மோசம். அப்ப கொலை நடந்த வீட்டுப் பொண்ணு, முன்னப்பின்ன தெரியாத ஒரு பையன் பன் வாங்கிக் குடுத்தான்னு எஜமானர் விஷயத்த அவுத்து விடுவாளா? சில புக்குல இந்த பயத்த நல்லாவே தொட்டிருக்காங்க, எஜமானர் செத்தா நம்ம கதி என்னன்னு அந்த வீட்டு ஆளுங்க நடுங்கறது வரும். பல புக்குல பன்ன வாங்குனதும் கொட்டிருதுங்க. வேலை போகும்னு தெரிஞ்சும் ஒருத்தி பேசறான்னா அதுக்கு என்ன காரணம்னு ரெண்டு பக்கம் எழுதிருந்தா நான் இத இன்னும் ஒரு படி மேல வச்சிருப்பேன்.

துப்பறியற பக்கம் பாத்தா ஃபார்முலா. மூணு புக்கு படிச்சா நாலாவதோட அமைப்பு நமக்கே தெரியும், பொணம், ஷெர்ரி, மேசை மீட்டிங், அலைச்சல், திரும்ப மேசை, எல்லாரும் குழப்பம், கடைசில மிசஸ் ஜெஃப்ரீஸ் ராத்திரி இருட்டுல தனியா ஜன்னல் பக்கம் உக்காந்து யோசிச்சு டக்குன்னு பல்ப் எரியும், அடுத்த நாள் ஒரு பொறி வச்சு இன்ஸ்பெக்டர் கையால புடிக்க வைப்பாங்க. பல்ப் எரிய வச்ச அந்தத் துப்பு நமக்கு முன்னாடியே கண்ணுல பட்டிருந்தா நியாயம், சில சமயம் பட்டிருக்கும், சில சமயம் இவங்க மண்டைக்குள்ளயே வச்சுக்கிட்டு கடைசில எடுத்து விடறாங்க, அப்பலாம் நான் புக்க கட்டில்ல விட்டெறிஞ்சிருக்கேன். கேரக்டர் அறிமுகமும் ஒவ்வொரு புக்குலயும் முதல்லேர்ந்து, ஸ்மைத் பணக்காரன், மிசஸ் குட்ஜ் பெரிய வீட்டுல சமைச்சவங்க, சரிம்மா தெரியும், போன புக்குலயும் அதே ஆளுதான.

ஆனா லூட்டி பெல் க்ரூக்‌ஷாங்க் வந்ததுக்கப்புறம் எனக்கு பாதி கோவம் போயிருச்சு. அமெரிக்காலேர்ந்து வந்த பணக்காரக் கிழவி, வாய் நீளம், குளிருக்கு கை நுழைச்சுக்கற ஃபர் உறைக்குள்ள துப்பாக்கி வச்சிருக்கும். அதோட பட்லர் ஹாட்செட், மூக்கு நுனில மரியாதைய வச்சிக்கிட்டு திரியற ஆளு. எஜமானியும் வேலைக்காரனும் போட்டி போட்டுக்கிட்டு துப்பு தேடறதும், யாரு முதல்ல கண்டுபுடிச்சாங்கன்னு மேசைல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் குத்திக்கறதும் மாமியார் மருமக சண்டைய பக்கத்து வீட்டு மாடிலேர்ந்து பாக்கற சுகம். பெட்ஸி, ஸ்மைத் காதலும் அவசரமே இல்லாம புக்கு புக்கா ஊறிட்டு வரும், அதுக்காகவே வரிசைல படிங்க, நடுவுல எதையாவது எடுத்தா அந்த ருசி போயிரும்.

எட்டுல எது பெஸ்ட்னு கேட்டா, எனக்கு எட்டாவதுதான், ‘மிசஸ் ஜெஃப்ரீஸ் அண்ட் தி மிஸ்ஸிங் அலிபை’. அதுல இன்ஸ்பெக்டர் மேலயே கொலைப்பழி விழுந்துருது, யார்டு அவர கேஸ் பக்கமே விட மாட்டேங்குது. இது வரைக்கும் ஜாலியா துப்பறிஞ்சிட்டிருந்த சமையக்கட்டுக்கு முதல் தடவையா கையில நெருப்பு, அவரு உள்ள போனா வீடு போச்சு, வேலை போச்சு, குடும்பமாட்டம் ஒட்டிக்கிட்ட இந்த ஆளுங்க ஆளுக்கொரு பக்கம் சிதறணும். மேல நான் கேட்ட அந்த பயம் இதுல இருக்கு. ஷெர்ரி சீன் கூட இதுல வேற மாதிரி ஆயிருச்சு, அந்த கிளாஸப் பாத்தாலே பாவமா இருந்துச்சு எனக்கு. ஆறாவதுல மூடுபனி ராத்திரில பூ விக்கற பொண்ணு ஆனி ஷீல்ட்ஸ் செத்துக் கிடக்கறதும் நல்லா இருந்துச்சு, ஏழை செத்தா யாரு கவலைப்படறான்ற கேள்விய ரொம்ப கத்தாம கேக்கும். முதல் புக்கு, டாக்டர் ஒருத்தர் தன் சொந்த ரூம்லயே செத்துக் கிடப்பாரு, அது சுமார்தான், ஆளுங்கள அறிமுகப்படுத்தறதுலயே போயிரும், அத வச்சு முடிவு பண்ணிடாதீங்க.

இதே வகைல இன்னும் கொஞ்சம் காரம் வேணும்னா ஜெனிஃபர் ஆஷ்லி எழுதுன கேட் ஹாலோவே கதைங்கள எடுங்க, 2018ல வந்த ‘டெத் பிலோ ஸ்டேர்ஸ்’லேர்ந்து ஆரம்பிக்கலாம். 1881 லண்டன், மேஃபேர்ல பெரிய வீட்டுல சமையக்காரியா சேர்ற சின்ன வயசுப் பொம்பள அவளே கதை சொல்றா, வந்த கொஞ்ச நாள்லயே அவ கிச்சன்ல உதவிக்கு இருந்த பொண்ணு செத்துப்போயிடறா. இவளுக்கு ஒரு மகள் இருக்கா, வேலை செய்யற வீட்டுக்குத் தெரிஞ்சா வேலை காலி, அதனால லீவு நாள்ல மட்டும் ஓடிப் போயி பாத்துட்டு வருவா. அடுப்பு வேலையோட சூடும் இதுல கூடுதல், ஒரு கையில மாவு பெசைஞ்சிக்கிட்டே யோசிக்கறா. எழுத்தா பாத்தா ஆஷ்லிதான் ஒரு படி மேல. ஆனா சத்தியமா சொல்றேன், ராத்திரி பதினொரு மணிக்கு கை போறது என்னமோ மிசஸ் ஜெஃப்ரீஸ் பக்கம்தான், கேட்டைப் படிச்சா அவ பொண்ணுக்கு என்னாகுமோன்னு கவலை வந்து முழிச்சிட்டு இருக்கேன்.

யாராவது எழுத மாட்டாங்களான்னு ஏங்கற கதை ஒண்ணு இருக்கு. அதே விக்டோரியா காலத்துல மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாலேர்ந்து வெள்ளைக்காரக் குழந்தைங்கள பாத்துக்கிட்டு கப்பல்ல லண்டன் போன ஆயாம்மாங்க, போயி சேந்ததும் ஊருக்குத் திரும்ப டிக்கெட் குடுக்காம கைவிடப்பட்டவங்க நெறைய பேரு. அவங்க தங்கறதுக்குன்னே லண்டன் ஆல்ட்கேட்ல ஆயாஸ் ஹோம்னு ஒரு விடுதி இருந்துச்சு, அப்புறம் 1900ல ஹாக்னிக்கு மாறுச்சு, 2022ல அந்தக் கட்டடத்துல, இது வரலாற்று எடம்னு காட்டற நீலப் பலகை வச்சாங்க. அந்த விடுதில ஒரு பெரிய மேசை, சுத்தி மெட்ராஸ் ஆயாம்மா நாலு பேரு, ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு துரை வீட்டு ரகசியத்தோட, எப்படி இருக்கும். மிசஸ் குட்ஜுக்கே கேக்கு தொண்டைல அடைக்கும்.

வாங்கறவங்களுக்கு: முதல் மூணு கதையும் சேத்து ‘மிசஸ் ஜெஃப்ரீஸ் லேர்ன்ஸ் தி டிரேட்’னு ஒரே தொகுப்பா கெடைக்குது, அதுலேர்ந்து ஆரம்பிக்கறதுதான் மலிவு. இங்கிலீஷ் ரொம்ப ஈஸி, விக்கின்ஸ் பேசறதுல எழுத்த முழுங்குவான், பத்து பக்கத்துல பழகிரும். செகண்ட் ஹேண்ட் வாங்குனா மட்டும் ஒண்ணு செய்யுங்க, கடைசிப் பக்கத்த தொறந்து பாத்துட்டு வாங்குங்க. ஆபீஸ் அக்காவோட புக்க திருப்பிக் குடுத்துட்டு ஆசையா எனக்குன்னு இந்தத் தொகுப்புல ஒரு காப்பி பழைய புத்தகம் விக்கற ஒருத்தர்கிட்ட வாங்குனேன், அட்டை பளபளன்னு இருக்கு, மூணாவது கதை, ஆவி கூப்பிடற கூட்டத்துல முன்கூட்டியே சாவு சொல்லி மிசஸ் ஹாட்ஜஸ் செத்துப்போற கதை, அத மட்டும் மிச்சம் வச்சிருந்தேன், ராத்திரி ஒன்றரை மணி, மிசஸ் ஜெஃப்ரீஸுக்கு இருட்டுல பல்ப் எரியற எடம், பக்கத்தத் திருப்பறேன், பின்னட்டை வந்துருச்சு. பதினாறு பக்கம் இல்ல. கேட்டா ஓல்டு புக்குன்னா அப்படித்தான் மேடம்ங்கறாரு. அந்த ராத்திரியே ஈபுக்க தனியா காசு குடுத்து வாங்கி கடைசி அத்தியாயம் மட்டும் படிச்சேன், என் துண்டுச்சீட்டுல இருந்த பேரு தப்பு, அதுக்கும் சேத்து எரிச்சல்.

மார்க்கு கேட்டா அஞ்சுக்கு மூணரை. மழை பெய்யற ஞாயித்துக்கிழமையா இருந்தா நாலு.

இப்ப ஒன்பதாவது, பப் ஓனரு ஒருத்தர கொன்னுட்டாங்க, விதர்ஸ்பூன் இந்தத் தடவை ரொம்பவே சொதப்பி வச்சிருக்காரு, இன்னும் பாதி இருக்கு. நேத்துதான் பேர எழுதி கவருக்குள்ள சொருகுனேன். இதுவரைக்கும் எட்டுக்கு மூணுதான் சரியா வந்திருக்கு.